தினமும் நடக்கிறேன், குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை. எனக்கும் மார்பகப் பரிசோதனை தேவையா?

இதே நம்பிக்கையில் மூன்று மாதங்களை இழந்தவள் நான் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்து செல்ல மனம் வரவில்லை. உங்களுக்கு 43 வயது என்றும், எண்ணெய்ப் பலகாரத்தைக்கூடத் தொடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நோய் கண்டறியப்பட்டபோது வயது 46; மற்றபடி நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

ஒரு தை மாதக் காலையில் குளிக்கும்போது, சோப்பு நுரையில் வழுக்கிச் சென்ற விரல், இடது மார்பில் அக்குளை ஒட்டிய இடத்தில் தட்டுப்பட்டு நின்றது. சுண்டைக்காய் அளவு, அழுத்தினால் நகரவில்லை, வலிக்கவும் இல்லை. வலி இல்லாததால் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, மகளின் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியட்டும் என்று கணவரிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இந்தப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதைச் சித்திரையில் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ஊசி வழியே திசு எடுத்துச் சோதனை, அறுவை சிகிச்சை, எட்டு முறை கீமோ, பிறகு கதிர்வீச்சு என்று அந்த ஆண்டு கழிந்தது.

அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆப்பிள் பையோடு பார்க்க வந்த உறவுக்காரப் பெரியம்மா, "பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பால் கொடுத்தாயா?" என்று கேட்டதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குமாக மூன்றரை ஆண்டுகள் கொடுத்தேன். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியான முடிவின்படி, ஒவ்வொரு 12 மாதத் தாய்ப்பாலுக்கும் ஆபத்து ஏறத்தாழ 4.3 சதவீதம் குறைகிறது. குறைகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை. இந்த நோய் வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாகப் பிறந்ததையும் வயதானதையும் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் எதையும் காட்ட முடிவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்படியிருக்க, படுத்திருப்பவளிடம் என்ன சாப்பிட்டாய், எதைச் சாப்பிடவில்லை என்று விசாரணை நடத்துவது எந்த வகையில் நியாயம்?

நடைப்பயிற்சி வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் மருத்துவரும் அல்ல. மாதவிடாய் நின்ற பிறகு உடற்கொழுப்பிலிருந்துதான், இந்நோயைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெரிதும் உருவாகிறது என்பதால், எடை கூடாமல் பார்த்துக்கொள்வதற்கும் மதுவைத் தவிர்ப்பதற்கும் உண்மையான பலன் உண்டு. நானும் இன்றுவரை தினமும் நடக்கிறேன். ஆனால் நடப்பவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை.

கையால் தடவிப் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்களின் கைகளாலேயே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனை செய்தார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ் அந்த அளவு பலன் தெரியவில்லை. ஆனாலும் நோய் முற்றுவதற்கு முன்பே பலருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இச்சோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள். கட்டி மட்டுமல்லாமல், தோல் குழிவிழுந்தாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, இரத்தம் கசிந்தாலோ அதற்கென நாள் பார்க்காமல் உடனே போய்விடுங்கள். சென்ற மாதம் என் நாத்தனாரை, அவர் மூன்று முறை தட்டிக்கழித்த பிறகு, நானே கையைப் பிடித்து அழைத்துச் சென்றேன். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர், "இவ்வளவுதானா அண்ணி?" என்றார்.