சைலோவில் பொடி இறங்கவில்லையா? காற்று விடுவது பற்றிக் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ரெடிமிக்ஸ் (தயார் கான்கிரீட்) பிளாண்ட், உப்பு ஆலை, மீன்தூள் ஆலை என்று சைலோ (பொடியைக் கொட்டி வைக்கும் உயரமான தொட்டி) வைத்து வேலை பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பொடி இறங்காவிட்டால் அடியிலிருந்து காற்று விடு என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பொடிக்கு, எந்தக் காற்றை என்று கேட்பவர்கள் குறைவு. நம் பக்கத்துத் தொல்லையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அண்ணே, உச்சிப்புளி பக்கம் ரெடிமிக்ஸ் பிளாண்ட். 100 டன் சிமெண்ட் சைலோ. அடியில் குறுகும் கோனில் ஏர் பேட் (காற்றைக் கசியவிடும் துணித் திண்டு) இருக்கிறது, காற்றும் வருகிறது. கோடையில் ஒழுங்காக இறங்கிய சிமெண்ட், ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து நின்று நின்று வருகிறது. பையன்கள் சுத்தியலால் தட்டித்தான் இறக்குகிறார்கள். காற்றழுத்தத்தைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம் தம்பி. முதலில் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தால் விஷயம் அதுதான்.

காற்று அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். சும்மா கிடக்கும் சிமெண்டில் துகள்களுக்கு நடுவே இருந்த காற்று மெல்ல வெளியேறி, துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்துவிடும். அப்படிப் படிந்த சிமெண்ட் கன மீட்டருக்கு 1440 கிலோ என்று நாம் கணக்குப் போடுகிறோம். கோன் வாயில் அது வளைவு கட்டி நிற்பது இதனால்தான். பேட் வழியாகக் கொஞ்சம் காற்றைக் கசியவிட்டால் துகள்கள் விலகும், உராய்வு குறையும், எடை 1000, 1100 கிலோ அளவுக்கு இளகி, பொடி தண்ணீர் மாதிரி நகரும். இதற்கு அரை பார் அழுத்தம் போதும். 3 பார், 4 பார் என்று கொடுத்தால் காற்று ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும், சுற்றியுள்ள சிமெண்ட் அசையாது.

இப்போது தண்ணீர்க் கணக்கு. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள நம் கடற்கரைக் காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை 7 பாருக்கு அழுத்தி 40 டிகிரிக்கு ஆறவிட்டால், 6, 7 கிராமுக்கு மேல் ஆவியாகத் தங்க முடியாது. மீதி தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் இழுக்கும் கம்ப்ரஸர் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு லிட்டரை நீங்கள் வடிக்காவிட்டால் அது பேட் வழியாகச் சிமெண்டுக்குள் போகும். சிமெண்டுக்குத் தண்ணீர் கிடைத்தால் என்ன ஆகும் என்று ரெடிமிக்ஸ்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. தண்ணீரைப் பிரித்துவிட்டால், அதே காற்று 7 பாரிலிருந்து அரை பாருக்கு விரியும்போது தானாகவே காய்ந்துவிடும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குப் பக்கம் வந்துவிடும். ஆகவே அழுத்திய காற்றை ஆறவைக்கும் ஆஃப்டர்கூலர், தண்ணீர் பிரிப்பான், தண்ணீரைத் தானாக வடிக்கும் ஆட்டோ டிரெய்ன் மூன்றும் வேலை செய்ய வேண்டும். காற்றைக் குளிரவைத்துக் காயவைக்கும் ஒரு ரெஃப்ரிஜரேஷன் டிரையரும் சேர்த்தால் கவலையே இல்லை. டிரையரின் கண்டன்ஸர் துடுப்புகளை உப்புக்காற்று அரித்துவிடும், அதை நல்ல தண்ணீரில் கழுவி வையுங்கள். அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரைச் சைலோ பக்கத்திலேயே மாட்டுங்கள்.

சைலோ காலியாகும்போது ஒரு பேடைக் கழற்றிப் பாருங்கள். துணியின் மேல்முகத்தில் சாம்பல் நிற ஓடு கட்டியிருந்தால் ஈரக்காற்று. பின்பக்க ஹோஸுக்குள் சிமெண்ட் இறுகியிருந்தால், பொடி திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போய்விட்டது. விழும் கட்டிகளில் ஒரு முகம் மட்டும் சுவரின் வளைவோடு வழவழவென்று இருந்தால் குற்றம் காற்றில் இல்லை; கூரையிலோ மேன்ஹோல் மூடியிலோ மழை ஒழுகுகிறது.

சுத்தியலை மட்டும் ஒளித்து வையுங்கள். தட்டிய இடமெல்லாம் உள்பக்கம் புடைத்து நிற்கும். அடுத்த முறை பொடி தங்குவது அந்தப் புடைப்பில்தான்.

அதே பிளாண்ட் தான் அண்ணே. கம்ப்ரஸரை விட்டுவிட்டு ரூட்ஸ் புளோயர் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை ஊதும் இயந்திரம்) போட்டால்? அந்தக் காற்று சூடாக வருகிறது, காய்ந்துதானே இருக்கும்?

எல்லோரும் விழும் குழி இது. சூடாக இருக்கும்வரை காய்ந்ததுபோலத் தெரியும். ஆனால் புளோயர் தண்ணீரைப் பிரிப்பதில்லை. அந்த 24 கிராமும் கூடவே வருகிறது. இரவில் குழாய் ஆறியதும் உள்ளேயே வியர்க்கும். வறண்ட உள்நாட்டில் ஓடும் ஏற்பாடு கார்த்திகையில் மண்டபத்தில் ஓடாது. புளோயர்தான் வேண்டுமென்றால் கூலரும் டிரையரும் சேர்த்தே வாங்குங்கள்.

கீழக்கரையிலிருந்து: ராத்திரி முழுக்கக் காற்றை ஓடவிட்டால் காலையில் இளகி இருக்குமா?

இருக்காது. வாய் மூடியிருக்கும்போது விடுகிற காற்று தனக்கென்று ஒரு வழியைத் துளைத்துக்கொள்ளும், ஈரத்தையும் ராத்திரி முழுக்க உள்ளே கொண்டுபோகும். சைலோ வாயிலிருந்து பொடியைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூ ஓடும்போது மட்டும் விடுங்கள்: 5 விநாடி காற்று, 10, 15 விநாடி ஓய்வு, பேட்களை மாற்றி மாற்றி. ஸ்க்ரூ நின்றால் காற்றும் நிற்க வேண்டும். வைப்ரேட்டருக்கும் இதே சட்டம். வாயை மூடிக்கொண்டு அதிரவைத்தால் பொடியைக் கெட்டிப்படுத்துகிறீர்கள்.

தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் வாங்குகிறோம். எங்களுக்குத் தலைகீழ்த் தொல்லை. பல்கர் (பொடி கொண்டுவரும் டேங்கர் லாரி) இறக்கியதும் திறந்தால், ஸ்க்ரூ நின்றிருந்தாலும் சாம்பல் பாய்ந்து எடைத் தொட்டியை நிரப்பிவிடுகிறது.

சாம்பல் துகள் உருண்டை. பல்கரிலிருந்து காற்றோடு ஊதி ஏற்றியதும் அது காற்றை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அது பொடியே இல்லை, திரவம். அதன்மேல் நீங்களும் பேட் காற்றை விட்டால் வேறு என்ன நடக்கும்? புதிதாக இறக்கிய சைலோவை அரை மணி நேரமாவது படியவிடுங்கள், அதுவரை பேட்களை மூடி வையுங்கள். அவசரத்துக்கு இன்னொரு சைலோவிலிருந்து எடுங்கள். அப்படியும் பாய்ந்தால் ஸ்க்ரூவுக்கு முன்னால் ரோட்டரி வால்வு (சுழன்று அளவாகப் பொடியை விடும் வால்வு) போட வேண்டும். சாய்வான ஸ்க்ரூ மட்டும் அதைத் தடுக்காது.

1973இல் கெல்டார்ட் என்பவர் காற்றுக்கு எப்படி அசைகிறது என்பதை வைத்துப் பொடிகளை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தார். சாம்பல் பெரும்பாலும் ஏ. லேசான காற்றுக்கே இளகும், உடனே படியாது. சிமெண்ட் ஏ-க்கும் சி-க்கும் நடுவில் நிற்கிறது. சுண்ணாம்புப் பொடி, மைதா எல்லாம் சி. ஒட்டிக்கொள்ளும், காற்று அதில் வெடிப்பு விழுந்து போய்விடும். மணல் பி. நெல் டி. உங்கள் பொடி எதில் சேரும் என்று தெரியாமல் பேட் வாங்க வேண்டாம்.

வாலிநோக்கம் பக்கம் உப்பு அரைத்துப் பாக்கெட் போடுகிறோம். சின்ன சைலோவில் உப்பு பாறையாகிவிடுகிறது. ஏர் பேட் போட விலை கேட்டிருக்கிறோம்.

விலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்புப் பரல் பெரிது, காற்று இடுக்கில் புகுந்து போய்விடும், தூக்காது. அதைவிடப் பெரிய விஷயம் 75 சதவீதம். காற்றின் ஈரப்பதம் அதைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்து மேற்பரப்பில் கரையும். பகலில் குறைந்தால் காய்ந்து, பரலும் பரலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஊரில் இது தினமும் நடக்கிறது. ஈரக்காற்றை அடியிலிருந்து விட்டால் நீங்களே பாறை செய்கிறீர்கள்.

உலர்த்தியிலிருந்து வரும் உப்பை ஆறவைத்து ஏற்றுங்கள், சூட்டோடு ஏற்றினால் சுவரில் வியர்க்கும். சைலோவின் மேல் காலியிடத்தில் கொஞ்சம் காய்ந்த காற்றை விட்டு வையுங்கள். நாள்கணக்கில் தேக்காமல் அன்றாடம் காலி செய்யுங்கள். கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளை உணவுச் சட்டம் அனுமதித்த அளவில் சேர்க்கலாம்.

திருவாடானையிலிருந்து: நெல் சைலோவுக்கும் அடியில் ஃபேன் வைக்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. அது நெல்லைக் குளிரவைக்க, இறங்கவைக்க அல்ல. வெளிக்காற்று நெல்லைவிடக் குளிர்ந்தும், ரொம்ப ஈரமில்லாமலும் இருக்கும் நேரம் பார்த்து ஓட்ட வேண்டும். விடியற்காலைப் பனியில் ஓட்டினால் காயவைத்த நெல் திரும்ப நமத்துப்போகும்.

நெல் இறங்காவிட்டால் ஆளை உள்ளே இறக்கிக் குத்தச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வாய் திறந்திருக்கும்போது மேலே நிற்பவரை நெல் சில விநாடிகளில் இடுப்புவரை இழுத்துவிடும், அப்புறம் கையைப் பிடித்து இழுத்தாலும் வராது. சிமெண்டுக்கும் இதேதான்.

மண்டபத்தில் மீன்தூள் ஆலை. காற்று விடலாமா அண்ணே?

கூடாது. மீன்தூளில் எண்ணெய் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே சூடேறும், தீப்பிடித்த கதைகள் உண்டு. நன்றாக ஆறவைத்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்து ஏற்றுங்கள். அடியை அகலமாக்கி, வாயின் முழு நீளத்துக்கும் ஸ்க்ரூ போடுங்கள்.

முண்டு மிளகாய்ப் பொடிக்கு?

தங்கச்சி, புவிசார் குறியீடு வாங்கிய மிளகாயின் மணத்தைக் காற்றில் விட்டுவிடுவீர்கள், தெருவே தும்மும். சின்னத் தொட்டி, செங்குத்தான சுவர், உள்ளே மெதுவாகச் சுற்றும் கை. அவ்வளவு போதும்.

பல்கர் இறக்கும்போது எங்கள் சைலோவின் கூரை லேசாக உப்புகிறது. பேட் காற்றாலா?

இறக்குவதை இப்போதே நிறுத்துங்கள். உள்ளே போகும் காற்றெல்லாம் மேலே இருக்கும் பை ஃபில்டர் வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்திருக்கிறது, அழுத்தம் கூடினால் திறக்க வேண்டிய ரிலீஃப் வால்வும் சிமெண்ட் பூசி ஒட்டிப்போயிருக்கிறது. இரண்டையும் சுத்தம் செய்து, வால்வைக் கையால் தூக்கிப் பார்த்து அசைகிறது என்று உறுதியான பிறகு அடுத்த பல்கரை உள்ளே விடுங்கள். பல்கர் டிரைவர் அவசரப்படுத்துவார். கடைசியில் டேங்கரைக் காலி செய்ய மொத்தக் காற்றையும் ஒரே அடியாக அடிக்க விடாதீர்கள், ஃபில்டர் கிழிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.