வாங்குமுன் ஒரு கேள்வி: இந்த முறை ஃப்ளைட் சிமுலேட்டர்

கேள்வி: கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 விளையாட்டை ஓட்டுகிறேன். பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போது படம் வெட்டி வெட்டி வருகிறது. ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு. 4070-க்கு மாறிவிடலாமா? (திருச்சி)

பதில்: கடைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். செட்டிங்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் திரையின் உச்சியில் ஒரு மெனு வரும். அதில் எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை படம்) காட்டும் வசதியைத் தட்டிவிட்டு, படம் திணறுகிற அதே ஓடுபாதைக்குப் போங்கள். 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' என்று வந்தால் திணறுவது ப்ராசஸர். கார்டு வேலையில்லாமல் காத்திருக்கிறது. 4070 வாங்கிப் போட்டால் அதுவும் காத்திருக்கும், கொஞ்சம் கூடுதல் விலையில்.

முதலில் காசு செலவில்லாத வைத்தியம். டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல் (தரையின் நுணுக்க அளவு) 200-ல் இருந்தால் 100-க்கு இறக்குங்கள். ஏ.ஐ. டிராஃபிக்கையும் விமான நிலைய வண்டிகளையும் பாதியாக்குங்கள். போதவில்லை என்றால் ப்ராசஸரை மாற்றலாம். இந்த மென்பொருளுக்குக் கோர் எண்ணிக்கையைவிட கேஷ்தான் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) பெரிது. அதனால்தான் 96 எம்.பி. எல்-3 கேஷ் உள்ள ரைசன் 7 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டையும் சிமுலேட்டர்காரர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். உங்களுடையது ஏ.எம்.4 (ஏ.எம்.டி.யின் முந்தைய சாக்கெட்) மதர்போர்டு என்றால், பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு 5800எக்ஸ்3டி-யைப் பொருத்தலாம். 7800எக்ஸ்3டி என்றால் மதர்போர்டு, ரேம் இரண்டும் கூடவே மாற வேண்டும். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: 32 ஜி.பி. ரேம் ஒரே ஸ்டிக்காக வாங்குவதா, இரண்டு 16 ஆகவா? (ஈரோடு)

பதில்: இரண்டு 16. போட்டதும் பயாஸில் ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வேகம் பெட்டியின் மேல் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: எம்2 மேக்புக் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரை எப்படி இன்ஸ்டால் செய்வது? (சிங்கப்பூர்)

பதில்: முடியாது. எக்ஸ்-ப்ளேன் 12 மேக்கில் நேரடியாக ஓடும். அதன் டெமோ இலவசம். ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் வாங்கினேன். அவன் நண்பனிடமும் 4060 லேப்டாப்தான், ஆனால் அதில் விமானம் வழுக்கிக்கொண்டு போகிறது, எங்களுடையதில் இழுக்கிறது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார். (மதுரை)

பதில்: ஒன்று இல்லை சார். பெயர்தான் ஒன்று.

லேப்டாப் 4060-க்கு என்விடியா வைத்திருக்கும் அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. அந்த எல்லைக்குள் எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் விருப்பம். ஒல்லியான உடம்பில் சூடு வெளியேற வழி கிடையாது. எனவே குறைந்த வாட்டில் கட்டிப்போட்டு விற்பார்கள். முன்பெல்லாம் அப்படிக் கட்டிப்போட்ட கார்டுக்கு 'மேக்ஸ்-க்யூ' என்ற வால் இருந்தது, பார்த்ததும் தெரிந்துவிடும். ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையோடு பெயரில் அந்த வாலைப் போடும் கட்டாயம் போய்விட்டது. இப்போது ஸ்டிக்கரில் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். வாட் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

எண்ணிலும் உண்மை கிடையாது. மேசைக் கணினியில் 4070 என்றால் 5888 கோர், 12 ஜி.பி. நினைவகம். லேப்டாப்பில் அதே 4070 என்ற பெயரில் வருவது 4608 கோர், 8 ஜி.பி. உச்சியில் இருக்கும் 4090-ஐப் பாருங்கள்: மேசையில் 16384 கோர், மடியில் 9728. 500 கிராம் பருப்புப் பொட்டலத்தில் '1 கிலோ' என்று அச்சடித்தால் எடை அதிகாரி கடைக்கே வந்துவிடுவார். இதற்கு வர ஆளில்லை.

உங்கள் மகனின் லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பாருங்கள். 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரியில் உண்மை இருக்கும். நண்பனுடையதிலும் பார்த்து, இரண்டு திரையையும் படமெடுத்துக் கடைக்காரரிடம் நீட்டுங்கள். விளம்பரத்திலோ பெட்டியிலோ அதிக வாட் போட்டிருந்தால் அது புகாருக்குரிய விஷயம். எதுவுமே போடவில்லை என்றால், வருத்தத்தோடு சொல்கிறேன், வாதாடுவது கடினம். லேப்டாப்பின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, சார்ஜரைச் செருகி, ஃபேனை 'பெர்ஃபாமன்ஸ்' நிலையில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் தேறும்.

கேள்வி: ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 4 ஜி.பி. கார்டு ஆன்லைனில் மிகக் குறைந்த விலையில் வாங்கினேன். சிமுலேட்டர் திறந்ததும் மூடிக்கொள்கிறது. விற்றவர் உங்கள் கணினிதான் கோளாறு என்கிறார். (வேலூர்)

பதில்: உங்கள் கணினியைக் குறை சொல்லாதீர்கள். கார்டில் நீல நிற வி.ஜி.ஏ. துளை இருக்கிறதா? 1050 டி.ஐ. சில்லு அனலாக் படம் தராது. துளை இருந்தால் பெரும்பாலும் அது பழைய ஜி.டி.எஸ். 450 போன்ற கார்டுதான். அதன் பயாஸை மாற்றி எழுதி, விண்டோஸிடம் புதுப்பெயர் சொல்ல வைத்திருப்பார்கள். ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். போலி என்று கண்டால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே போடும். உண்மையான கார்டில் 768 ஷேடர் (கணக்குப் போடும் சிறு அலகு) இருக்கும். ஜி.டி.எஸ். 450-ல் இருப்பது 192.

அந்தத் திரையின் படம், பில், விற்றவரின் பக்கம், அவர் அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் இன்றே சேமியுங்கள். பக்கம் நாளை காணாமல் போகலாம். அடுத்து தளத்தில் 'விவரித்ததற்கு மாறான பொருள்' என்று எழுத்தில் புகார். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, காலக்கெடு 2 ஆண்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அடித்திருந்தால் அசர வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. நாள் குறிக்காவிட்டால் 30 நாள். விடாதீர்கள்.

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருக்கிறேன். வெளி இணையதளத்தில் ஒரு ஜெட் விமானம் வாங்கி டவுன்லோட் செய்தேன். எக்ஸ்பாக்ஸில் எங்கே போடுவது? (சென்னை)

பதில்: எங்கேயும் போட முடியாது. எக்ஸ்பாக்ஸில் சிமுலேட்டருக்குள் இருக்கும் மார்க்கெட்ப்ளேஸ் வழியாக வந்தால்தான் உள்ளே போகும். விற்பனைப் பக்கத்தில் 'பி.சி. மட்டும்' என்று போட்டிருந்ததாக நீங்களே கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். பிறகு நான் என்ன சொல்ல? பணத்தைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கொடுத்தால் அவர்கள் பெருந்தன்மை.

கேள்வி: ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே விமானம் இடப்பக்கம் திரும்புகிறது. வாங்கி எட்டு மாதம். (யாழ்ப்பாணம்)

பதில்: திருப்பும் அச்சில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (உரசி அசைவை அளக்கும் பாகம்) தேய்ந்திருக்கிறது, அல்லது தூசி ஏறியிருக்கிறது. உத்தரவாதம் மிச்சம் இருந்தால் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை அந்த இடத்தில் ஒரு தடவை அடித்து, முப்பது நாற்பது முறை முழுக்கத் திருப்பி, காய்ந்ததும் கேலிப்ரேட் செய்யுங்கள். மிச்ச நடுக்கத்துக்கு டெட் ஸோன் (அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) 5 சதவீதம் வைத்தால் போதும். அதற்குமேல் வைத்தால் ஓடுபாதையில் நேராகப் போவதே பெரும்பாடு.

அடுத்த முறை ஹால் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். காந்தத்தை வைத்து அளப்பதால் உரசிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் எந்தெந்த அச்சுக்கு என்று கேளுங்கள். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஜாய்ஸ்டிக்கில் முன்பின், பக்கவாட்டு அசைவுக்குத்தான் ஹால். திருப்பும் அச்சு பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான். 'ஹால் சென்சார்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் படித்துவிட்டு நான் வாங்கிய ஒரு பெடல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

கேள்வி: ஆர்.டி.எக்ஸ். 3070 கணினி, 600 வி.ஏ. யூ.பி.எஸ். பிரவுசிங் செய்யும்போது கரண்ட் போனால் தாங்குகிறது, பறக்கும்போது போனால் உடனே அணைந்துவிடுகிறது. பேட்டரி மாற்றவா? (நாகர்கோவில்)

பதில்: பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது. 600 வி.ஏ. என்றால் வழக்கமாக 360 வாட்தான் கொடுக்கும். 3070 மட்டுமே 220 வாட், அதன்மேல் ப்ராசஸர், மானிட்டர். 600 வாட்டுக்குக் குறையாததாக வாங்குங்கள். வி.ஏ. எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். ரவுட்டரையும் அதிலேயே செருகுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் நிலப்பரப்பை இணையத்திலிருந்து இழுக்கிறது. இணையம் போனால் கீழே தரை மங்கிப்போகும்.

கேள்வி: மகள் விமானி ஆக விரும்புகிறாள். 2 லட்சத்துக்கு யோக் (விமான ஸ்டீயரிங்), பெடல், மூன்று திரை கொண்ட செட் வாங்கினால் வீட்டில் ஓட்டும் நேரம் பறக்கும் மணிக்கணக்கில் சேரும் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா? (சேலம்)

பதில்: பொய். விமானப் போக்குவரத்தை முறைப்படுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த சிமுலேட்டரில், அங்கீகரித்த பயிற்சியின்கீழ் ஓட்டியதுதான் லாக் புக்கில் ஏறும். வீட்டு மேசையில் எத்தனை லட்சம் போட்டாலும் ஒரு நிமிடம்கூட ஏறாது. முன்பணம் கொடுத்திருக்கிறீர்களா? அவர் சொன்னதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் ஒருமுறை கேட்டு வாங்கிவிட்டு, பிறகு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.