ஆர்க்யுமென்ட்டைப் பிரிப்பது யார்? லினக்ஸில் ஓடும் கட்டளை விண்டோஸில் முரண்டு பிடிப்பது ஏன்?

கேள்வி இதுதான்: “சி மொழியில் ஒரே புரோகிராம். லினக்ஸில் நட்சத்திரக் குறி போட்டுக் கொடுத்தால் எல்லா ஃபைலையும் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸில் நட்சத்திரத்தையே ஃபைல் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?”

கட்டளையோடு சேர்த்து நாம் அடித்துக் கொடுக்கும் பெயர்கள்தான் ஆர்க்யுமென்ட். அது எல்லா இடத்திலும் ஒன்றில்லை. நானும் ஒன்றுதான் என்று நம்பித்தான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு ஊர் மன்னார்குடி. சில வருடங்களுக்கு முன், சம்பா அறுவடை நேரத்தில், நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு எடைக் கணக்கைக் கூட்டும் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நாளுக்கு ஒரு ஃபைல். அப்போது பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைத்திருந்தேன். படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன். என் லினக்ஸ் லேப்டாப்பில்

கூட்டு சம்பா*

என்று அடித்தால் மொத்த எடை வந்துவிடும். ஆலையில் இருந்தது விண்டோஸ். அங்கே அதே வரிக்கு “சம்பா* என்ற ஃபைல் இல்லை” என்று பதில் வந்தது. வாசலில் லாரி நிற்கிறது, கணக்குப் பார்க்கும் அண்ணன் என் முகத்தையே பார்க்கிறார். அன்றைக்குக் கால்குலேட்டரில்தான் கூட்டினோம்.

நெல்லை வைத்தே சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல் களத்தில் அம்பாரமாகவும் கிடக்கும், 40 கிலோ மூட்டையாகத் தைத்தும் கிடக்கும். யூனிக்ஸ் குடும்பத்தில் (லினக்ஸ், மேக் எல்லாம் இதில்தான்) ஆர்க்யுமென்ட்கள் வாய் தைத்த மூட்டைகளாக வந்து இறங்குகின்றன. விண்டோஸில் அம்பாரமாக வருகிறது. அளந்து பிடிப்பது வாங்குகிற புரோகிராமின் வேலை.

லினக்ஸில் நீங்கள் அடித்த வரியை முதலில் படிப்பது ஷெல், அதாவது கட்டளையை வாங்கி ஓட்டும் புரோகிராம். இடைவெளி பார்த்து வெட்டுவது, மேற்கோள் குறியைக் கழற்றுவது, நட்சத்திரத்தைக் கண்டால் ஃபோல்டரில் தேடிப் பொருந்தும் பெயர்களை நிரப்புவது எல்லாம் அதுதான். அப்புறம் எக்ஸெக்-வி-இ என்ற சிஸ்டம் காலுக்கு (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) அந்தப் பெயர்கள் ஒரு பட்டியலாகப் போகின்றன. கெர்னல் அவற்றைப் புது புரோகிராமின் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் நகலெடுத்து வைக்கிறது. மெயின் (சி புரோகிராம் ஓடத் தொடங்கும் இடம்) தொடங்கும்போது பிரிப்பு வேலை முடிந்திருக்கும். நட்சத்திரம் என்று ஒன்று இருந்ததே புரோகிராமுக்குத் தெரியாது.

விண்டோஸில் கிரியேட்பிராசஸ் என்ற அழைப்பு வாங்குவது ஒரே ஒரு நீளச் சரம் (எழுத்து வரிசை). அதிகபட்சம் 32,767 எழுத்து. சிஎம்டி என்ற கட்டளை ஜன்னலில் அடித்தால் 8,191. இப்படி ஒரே சரமாகக் கொடுப்பது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து வழி. அங்கே புரோகிராமின் முகப்பில் 128 பைட் இடம் ஒதுக்கி, முதல் பைட்டில் நீளத்தையும் அடுத்து நீங்கள் அடித்ததையும் வைத்துவிடுவார்கள். இப்போதும் அந்தச் சரத்தை ஆர்க்வியாக (மெயினுக்குக் கிடைக்கும் ஆர்க்யுமென்ட் பட்டியல்) வெட்டுவது உங்கள் புரோகிராமோடு ஒட்டிவரும் துணை நிரலான சி ரன்டைம்தான். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது நட்சத்திரத்தை விரிக்காது. விரிய வேண்டுமானால் செட்ஆர்க்வி என்ற ஆப்ஜெக்ட் ஃபைலையும் சேர்த்து லிங்க் செய்ய வேண்டும். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

ஆனால் நட்சத்திரத்தைவிட என்னை அதிகம் படுத்தியது மேற்கோள் குறி. அதே ஆலையில், ஒரு வாரம் கழித்து, இப்படி அடித்தார்கள்:

கூட்டு "டி:\நெல் கணக்கு\" சம்பா

பார்த்தால் இரண்டு ஆர்க்யுமென்ட். புரோகிராமுக்குக் கிடைத்தது ஒன்று: டி:\நெல் கணக்கு" சம்பா. மைக்ரோசாஃப்ட் ரன்டைமின் விதிப்படி, பின்சாய்வுக் கோடு தனியாக இருந்தால் வெறும் கோடு. அதை ஒட்டி மேற்கோள் குறி வந்தால் மட்டும், “இந்தக் குறி மூடுவதற்கு இல்லை, பெயரில் உள்ள எழுத்து” என்று பொருளாகிவிடும். மூட வேண்டிய குறி மூடாததால் அடுத்த சொல்லும் உள்ளே போய்விட்டது. கடைசிக் கோட்டை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாகப் போடுங்கள்.

இன்னொரு புரோகிராமை உங்கள் புரோகிராம் கூப்பிடும்போது இது இன்னும் சிக்கலாகும். பைத்தானில் வேறு புரோகிராமை ஓட்டும் வசதியான சப்பிராசஸுக்குப் பட்டியலாகவே கொடுங்கள், சரமாக ஒட்டிக் கொடுக்காதீர்கள். லினக்ஸில் பட்டியல் கலையாமல் போய்ச் சேரும். விண்டோஸில் பைத்தான் அதே விதிப்படி மேற்கோள் போட்டு ஒரே வரியாகக் கோத்து அனுப்பும். மறுமுனையில் இருக்கும் புரோகிராமும் அதே விதிப்படி பிரித்தால்தான் சரியாக வரும். பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்) ஓட்டினால் பிரிப்பது சிஎம்டி, அதன் விதி வேறு. இந்த இடைவெளி வழியாக வெளியாள் கட்டளையை நுழைக்க முடிகிறது என்பதால்தான் 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழிக்கு 1.77.2 பதிப்பு வந்தது. பத்திரமாக மேற்கோள் போட முடியாத ஆர்க்யுமென்ட் என்றால் அது பிழை சொல்லி நிறுத்திவிடுகிறது. வெளியாள் கொடுக்கும் பெயரை பேட்ச் ஃபைலுக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸில் ஒரு ஆர்க்யுமென்ட் 128 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. மொத்தம், ஸ்டாக் வரம்பு வழக்கமான 8 எம்பியாக இருந்தால், 2 எம்பி. வருடக் கணக்கு ஃபைல்களுக்கு இது தாராளம்.

பிறகு ஃபைல் பெயர்களைத் தமிழுக்கு மாற்றினேன். விண்டோஸில் எல்லாம் கேள்விக்குறியாக வந்தது. அங்கே சாதாரண மெயினுக்கு ஆர்க்யுமென்ட்கள் பழைய கோட்பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) வழியாக வருகின்றன. தமிழுக்கு அப்படி ஒரு கோட்பேஜே கிடையாது. மெயினுக்குப் பதில் டபிள்யூமெயின் எழுதினால் யூடிஎஃப்-16 என்ற யூனிகோட் வடிவில் முழுசாகக் கிடைக்கும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல், புரோகிராமின் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் குறிப்பில் யூடிஎஃப்-8 என்று அறிவித்தாலும் போதும். லினக்ஸில் பைட்கள் அப்படியே வருவதால் இந்தத் தொல்லை இல்லை. மேக்கில் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய முறையில் ஃபைல்களை வைக்கும் டிஸ்க்கில் வேறொன்று: ‘கொ’வின் ஒற்றைக் குறியை அது கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும். நீங்கள் அடித்த ‘கொ’ 6 பைட், டிஸ்க்கிலிருந்து ஷெல் எடுத்துத் தருவது 9 பைட். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் பைட்டாக ஒப்பிட்டால் பொருந்தாது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது எந்த புரோகிராம் எழுதினாலும் முதலில் ‘கொரடாச்சேரி சம்பா’ என்று நடுவில் இடைவெளி விட்டு ஒரு ஃபைல் உண்டாக்கி, மூன்று சிஸ்டத்திலும் அந்தப் பெயரைக் கொடுத்துப் பார்க்கிறேன். கூடவே வந்த ஒவ்வொரு ஆர்க்யுமென்ட்டையும் அடைப்புக்குறிக்குள் ஒரு வரிக்கு ஒன்றாக அச்சிட வைக்கிறேன். நீங்களும் அந்த நாலு வரி புரோகிராமை எழுதி ஓட்டிப் பாருங்கள். எத்தனை மூட்டை இறங்கியது, எது எங்கே கிழிந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.