வெயிலில் கருகிய செடிகள் பிழைக்குமா?

கேள்வி: சித்திரையில் மகள் வீட்டுக்குச் சென்று சில வாரம் தங்கிவிட்டோம். திரும்பி வந்து பார்த்தால், அப்பிச்சி வைத்த எலுமிச்சை மரம் இலையெல்லாம் உதிர்ந்து நிற்கிறது. செம்பருத்தியும் மல்லிகையும் கருகிவிட்டன. யூரியா போடச் சொல்கிறார்கள் சிலர். அடியோடு வெட்டிவிடச் சொல்கிறார்கள் சிலர். எதைச் செய்யட்டும்?
— வாசகி, காங்கயம்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம், அம்மா. முதலில் கிளைகளில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டும்போது உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்தக் கிளை பிழைத்திருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே வந்து சுரண்டிப் பாருங்கள். நுனி காய்ந்த பிறகும் அடிமரம் பச்சையாக இருப்பது வழக்கம். இலையை உதிர்ப்பது, உள்ளே மிஞ்சிய நீரைக் காத்துக்கொள்ள மரம் மேற்கொள்ளும் வழி. அப்பிச்சி வைத்த மரம் என்கிறீர்கள். அவசரப்பட்டு அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

வறட்சியில் முதலில் அழிபவை, நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்நுனிகளும் வேர்த்தூவிகளும்தான். அவை மறுபடி உண்டாகும்வரை எத்தனை குடம் ஊற்றினாலும் மரத்தால் குடிக்க முடியாது. மண்ணிடுக்குகளில் காற்றே இல்லாமல் போய், மிஞ்சிய வேரும் அழுகிவிடும். ஆகவே, தண்டை ஒட்டி ஊற்றாமல், கிளைகள் எதுவரை பரந்திருக்கின்றனவோ அந்த எல்லையை ஒட்டி வட்டப்பாத்தி எடுத்து, விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ மெல்ல ஊறும்படி தண்ணீர் விடுங்கள். ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு விட வேண்டாம். நம் உழவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கேயும் பொருந்தும்.

யூரியாவைத் தள்ளி வைப்பதற்குக் காரணம் உண்டு. காய்ந்த மண்ணில் உரம் கரையும்போது, வேருக்கு வர வேண்டிய நீரை வரவிடாமல் தடுக்கும். தப்பித் தவறித் தளிர் வந்தாலும் அதைத் தாங்குகிற அளவுக்கு வேர் இராது. புதுத் தளிர் முற்றிக் கரும்பச்சை ஆன பிறகு நன்கு மட்கிய தொழுவுரம் கொடுத்தால் போதும். கருகிய குச்சிகளும் பட்டைக்கு ஓரளவு நிழல் தருகின்றன. தளிர் எங்கே வருகிறது என்று தெரிந்த பிறகே காய்ந்ததை மட்டும் நறுக்குங்கள். இலையற்ற எலுமிச்சையின் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும் என்பதால், அடிமரத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசிவிடுங்கள். வாட்டத்துக்குப் பின் நீர் கண்டதும் எலுமிச்சை மிகுதியாகப் பூப்பதுண்டு. இந்த முறை பிஞ்சுகளைக் கிள்ளிவிடுவதே நல்லது.

சருகு, கரும்புத் தோகை, தென்னோலை என்று எது கிடைத்தாலும், தண்டைத் தொடாமல் நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். அக்னி நட்சத்திரம் முடிந்ததென்று அதை எடுத்துவிடக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று, காங்கயம், தாராபுரம் பக்கம் பெருமழை எதையும் கொண்டுவராமல் மண்ணின் ஈரத்தை மட்டும் உறிஞ்சிச் செல்கிறது. ஐப்பசி மழை வரை மூடாக்கு இருக்கட்டும்.

கேள்வி: மாடித் தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்; ஊற்றிய வேகத்தில் அடியில் வழிந்துவிடுகிறது. கத்தரியும் தக்காளியும் துவண்டே இருக்கின்றன.
— வாசகர், ஈரோடு

பதில்: தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டியின் சுவரைவிட்டு விலகும், தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கிவிட, நடுவே வேர் வறண்டே கிடக்கும். சிறிய தொட்டிகளை நீர் நிரம்பிய வாளியில் வைத்து, குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். பெரியவற்றுக்குச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுப் பல முறை ஊற்றுங்கள். தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, நெருக்கி வைத்து, 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தேறிய பிறகு காலை வெயிலில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்குங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சிக்குப் பரிந்துரைக்கும் பிபிஎஃப்எம் நுண்ணுயிர்க் கரைசலை, பூச்சிமருந்து எதனோடும் கலக்காமல், இலைமீது தெளிக்கலாம்.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்று நீர் தாராளமாக விட்டும் ரோஜாவின் இலை ஓரம் கருகுகிறது, புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது.
— வாசகி, பல்லடம்

பதில்: ஓரம் கருகுவதற்கு நீரிலுள்ள உப்பு காரணமாக இருக்கலாம். தினமும் சிறிதளவு விடும்போது நீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணில் தங்குகிறது. எனவே, வடிகால் நன்றாக இருந்தால், இடைவெளி விட்டு ஆழமாக ஊறும்படி விடுங்கள். கோடை மழை பெய்தால் கூரைநீரைப் பிடித்து வைத்து முதலில் இச்செடிகளுக்கே கொடுங்கள். தளிரில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அடிக்கடி வருவது. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளியுங்கள். இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள்; மெல்லிய நூலாம்படையும் செம்புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப்பேன்; அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் சில நாளுக்கு ஒருமுறை கழுவிவிடுங்கள்.