எந்தச் சூதாட்டம் குற்றம், எது குற்றமில்லை? தமிழ்நாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சூதாட்டம் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "காசு வைத்து ஆடினால் குற்றம்தானே?" என்றே தொடங்குகின்றன. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆட்டத்தின் முடிவை அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறதா, திறமையா என்று முதலில் கேட்கும். அடுத்து, ஆடுபவர்களைத் தவிர வேறு யாராவது அதில் லாபம் பார்க்கிறார்களா என்று கேட்கும். கையிலிருக்கும் போன் வழியாக ஆடினால் கணக்கே வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடி, பத்து ரூபாய், இருபது ரூபாய் வைத்துச் சீட்டாடுவோம். போலீஸ் வந்தால் பிடிக்க முடியுமா?

1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் குறிவைப்பது 'பொதுச் சூதாட்ட இடம்' என்பதை. சென்னை மாநகரத்துக்கு 1888-ம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்திலும் இதே வகைப் பிரிவுகள் உண்டு. ஓர் இடம் பொதுச் சூதாட்ட இடம் ஆக வேண்டுமென்றால், அங்கே சீட்டு, தாயக்கட்டை போன்றவற்றை வைத்திருப்பதிலோ பயன்படுத்துவதிலோ அந்த இடத்துக்காரருக்கு ஆதாயம் இருக்க வேண்டும். உறவினர்கள் சேர்ந்து ஆடி, வீட்டுக்காரர் ஒரு பைசாவும் எடுக்கவில்லை என்றால் அந்த வரையறைக்குள் உங்கள் வீடு வராது.

சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். "கரண்ட் செலவுக்கு" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்து ரூபாய் ஒதுக்கிவைப்பது, ஜெயித்தவரிடம் 'வீட்டுப் பங்கு' வாங்குவது, தெருவில் போகிற வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வது. இவற்றில் முதல் இரண்டையும் ஆதாயம் என்றே எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது, "இது குடும்ப ஆட்டம்" என்ற உங்கள் வாதத்தை உடைத்துவிடும். சட்டப்படி சோதனை நடத்திச் சீட்டுக்கட்டும் பணமும் எடுத்தால், அது சூதாட்ட இடம்தான் என்ற அனுமானம் உங்களுக்கு எதிராக எழும். அதை மறுத்துக் காட்டுவது உங்கள் பொறுப்பு. அப்படிப்பட்ட இடத்தில் கையில் சீட்டே இல்லாமல் ஆட்டத்துக்காக உடன் உட்கார்ந்திருப்பதும் குற்றம்தான்.

அதே ஆட்டத்தைத் தெருத் திண்ணையிலோ, கோயில் மைதானத்திலோ, ஆற்றங்கரையிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். பொது இடத்தில் சூதாடுவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே இடத்துக்காரருக்கு லாபமா என்ற கேள்வியே எழாது.

எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுகிறோம். ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார்கள். அப்படியானால் பயமில்லையா?

சொன்னது உண்மை. 1967-ல் ஆந்திர அரசு தொடர்ந்த சத்தியநாராயணா வழக்கில், பதின்மூன்று சீட்டு ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதும் முக்கியம், ஆகவே அது பெரும்பாலும் திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று சீட்டு ஆட்டத்தை அதே தீர்ப்பில் வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கியது. நம் ஊர் மங்காத்தாவும் (உள்ளே வெளியே) அதிர்ஷ்ட ஆட்டமே. அடுத்த சீட்டு எந்தப் பக்கம் விழும் என்பதில் ஆடுபவர் செய்வதற்கு எதுவுமில்லை.

ஆனால் பலர் அந்தத் தீர்ப்பின் மறுபாதியைப் படிப்பதில்லை. பந்தயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து மன்றமோ இடத்துக்காரரோ லாபம் அடைந்தால் குற்றம் நிரூபணமாகலாம் என்றும் அதில் இருக்கிறது. சீட்டு, மேஜை, விளக்கு, பணியாள் இவற்றுக்கு உறுப்பினரிடம் நியாயமான கட்டணம் வாங்குவது ஒன்று. ஒவ்வொரு ஆட்டத்தின் மொத்தப் பணத்திலும் இத்தனை சதவீதம் என்று வெட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்யும் மன்றத்தில் உறுப்பினர் அட்டை உங்களைக் காப்பாற்றாது. சங்கப் பதிவு நடப்பில் இருக்கிறதா, உறுப்பினர் அல்லாதவர் ஆடுகிறார்களா, கட்டணத்துக்கு ரசீது தருகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இரவு பத்து மணி வரை ரம்மி நடந்த மேஜையில் பிறகு மங்காத்தா தொடங்கினால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுவது நல்லது.

ஆன்லைன் ரம்மியைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள், பிறகு நீதிமன்றம் அனுமதித்தது, பிறகு மத்திய அரசு தடை செய்தது. ஒன்றும் புரியவில்லை. இப்போது ஆடலாமா, கூடாதா?

வரிசையாகச் சொன்னால் புரியும். 2021-ல் மாநிலம் சட்டமாகக் கொண்டுவந்த முதல் தடையை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2022-ம் ஆண்டுச் சட்டம் சட்டப்பேரவையில் இரண்டு முறை நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதன் அட்டவணையில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகச் சேர்த்திருந்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, அந்த இரண்டு பெயர்களை மட்டும் நீக்கியது. அதிர்ஷ்டத்தை நம்பிய ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை அப்படியே இருக்கிறது. ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துபவருக்கு 3 ஆண்டு, 10 லட்சம் வரை போகும்.

2025 பிப்ரவரியில் மாநிலத்தின் ஆன்லைன் விளையாட்டு ஆணையம், பணம் கட்டி ஆடும் திறமை விளையாட்டுகளுக்கு விதிகள் போட்டது: 18 வயதுக்குக் கீழ் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றையும் ஏற்றது.

இதற்கு மேல்தான் மத்தியச் சட்டம் வருகிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பிரிவையே ஒதுக்கித் தள்ளுகிறது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து இணையத்தில் ஆடும் எதுவானாலும் அது 'பண விளையாட்டு'. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுபவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. பெரிய நிறுவனங்கள் சட்டம் வந்த சில நாட்களுக்குள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன.

ஆகவே இன்று உங்கள் போனில் "பணம் கட்டுங்கள், ரம்மி ஆடுங்கள்" என்று ஒரு செயலி வந்தால், முறையான நிறுவனத்தின் செயலி என்று நம்பாதீர்கள். இலவச ரம்மியும், பதிவு பெற்ற மின் விளையாட்டுப் (இ-ஸ்போர்ட்ஸ்) போட்டிகளும் வேறு. அவற்றுக்குத் தடையில்லை.

ஐபிஎல் சமயத்தில் டெலிகிராமில் ஒரு பந்தயத் தளத்துக்கு ஐடி வாங்கி விளையாடினேன். ஜெயித்த பணம் கணக்கில் வந்தது. மறுவாரம் வங்கி என் கணக்கை முடக்கிவிட்டது. ஏன்?

கிரிக்கெட் பந்தயம் சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்கு முடங்கியதற்குக் காரணம் அந்தப் பணம் வந்த வழி. உங்கள் யுபிஐ வரலாற்றைத் திறந்து பாருங்கள். பணம் கட்டச் சொன்ன ஒவ்வொரு தடவையும் பெயர் மாறியிருக்கும்: ஒருநாள் ஏதோ ஒரு காய்கறிக் கடை, மறுநாள் முன்பின் தெரியாத தனிநபர், இன்னொரு நாள் வடமாநிலத்தில் ஒரு மொபைல் கடை. அவையெல்லாம் வாடகைக்கு எடுத்த கணக்குகள். எங்கோ ஒருவர் மோசடியில் இழந்த பணம் அவற்றின் வழியாகச் சுற்றி, உங்களுக்கு 'ஜெயித்த பணமாக' வருகிறது. பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ததும், அந்தப் பணம் போன கணக்குகளை வரிசையாக முடக்குவார்கள். உங்கள் கணக்கும் அந்த வரிசையில் இருக்கிறது.

எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கிக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி அந்த விசாரணை அதிகாரிக்கு எழுதலாம். வழக்கறிஞர் இல்லாமல் எழுதாதீர்கள். பந்தயம் கட்டியதை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். கணக்கை விடுவித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள்.

தளம் வெளிநாட்டில் இருந்தால் அந்நியச் செலாவணி விதிகளும் சேர்ந்துகொள்ளும். லாட்டரி, பந்தயக் குலுக்கல் போன்றவற்றுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதி கிடையாது. உங்கள் ஊரில் மற்றவர்களுக்கு ஐடி வாங்கிக் கொடுத்துக் கமிஷன் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவு, குழுவாகச் செய்யும் அனுமதியற்ற பந்தயத்தையும் சிறு அமைப்புசார் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. குறைந்தது ஓராண்டு, அதிகம் ஏழாண்டு சிறை.

கேரள லாட்டரி பாலக்காட்டில் வாங்கி வந்தால் குற்றமா? வாட்ஸ்அப்பில் வாங்கலாமா?

தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் எல்லா லாட்டரியும் தடை. 1998-ம் ஆண்டு மத்திய லாட்டரிச் சட்டத்தின் 5-வது பிரிவு, பிற மாநிலச் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் விற்கத் தடை விதிக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. தடையை மீறி விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. கேரளத்துக்குப் போய், அங்கே கடையில் வாங்குவது அங்கே சட்டப்படியானது. பரிசு விழுந்தால் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் மறுக்க மாட்டார்கள். ஆனால் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தால் விற்பனைக்கு என்றே கருதுவார்கள்.

வாங்கியதும் சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இருபுறமும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் தேதியிலிருந்து 30 நாளுக்குள் உரிமை கோர வேண்டும். கிழிந்த, திருத்திய சீட்டுக்குப் பரிசு கிடைப்பது கடினம்.

வாட்ஸ்அப் வேண்டாம். கேரள அரசு காகிதச் சீட்டு மட்டுமே விற்கிறது. இணைய விற்பனை கிடையாது. படம் அனுப்பிவிட்டு "சீட்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்பார்கள். அசல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பரிசு கேட்க முடியும். ஒரே சீட்டின் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

மூன்று நம்பர் லாட்டரி என்று டீக்கடை ஓரத்தில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதற்கும் கேரள அரசுக்கும் சம்பந்தமே இல்லை. கேரள முடிவின் கடைசி மூன்று எண்ணைக் கடன் வாங்கி நடத்தும் தனியார் சூதாட்டம் அது. 000 முதல் 999 வரை ஆயிரம் வாய்ப்பு. கட்டிய காசுக்கு ஆயிரம் மடங்குக்குக் குறைவாக எது தந்தாலும் நீண்ட நாளில் லாபம் நடத்துபவருக்கே. அன்றாடக் கூலி வாங்குகிறவர்களின் பணம் இதில்தான் அதிகம் கரைகிறது என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

கிண்டி ரேஸில் பணம் கட்டுவது சட்டப்படி சரிதானே?

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் தரும் விலக்கு பந்தய நாளில், பந்தய வளாகத்துக்குள், அரசு அனுமதியோடு ஒதுக்கப்பட்ட இடத்தில் கட்டும் பணத்துக்கு. வெளியே தரகரிடம் போனில் கட்டினால் விலக்கு இல்லை. 2024 ஜூனில் ஊட்டி மைதான நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் சுமார் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்தது, வழக்கும் தொடர்ந்தது. ஆகவே "கிண்டி ரேஸ்" என்று யாராவது பணம் கேட்டால், அன்று அங்கே பந்தயம் நடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் சேவல் சண்டைக்கு நீதிமன்ற அனுமதி வாங்கியிருக்கிறார்கள். பந்தயம் கட்டலாமா?

கூடாது. அனுமதி கிடைக்கும் இடங்களிலும் காலில் கத்தி கட்டக் கூடாது, பணப் பந்தயம் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் கிடைக்கிறது. பந்தயம் பிடிபட்டால் அடுத்த ஆண்டு அனுமதி கேட்கும்போது அதையே எதிர்வாதமாக வைப்பார்கள்.

எங்கள் இளைஞர் மன்றம் 50 ரூபாய் கூப்பன் விற்று, குலுக்கலில் ஒரு பைக் பரிசு தர நினைக்கிறது. நல்ல காரியத்துக்குத்தான்.

பரிசு, அதிர்ஷ்டம், அதற்கென வாங்கும் காசு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. நோக்கம் நல்லது என்பது விலக்கு ஆகாது. நியாய சன்ஹிதாவின் 297-வது பிரிவும், மாநிலத் தடையும் இரண்டுமே பொருந்தும். மூன்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். கூப்பனை இலவசமாகக் கொடுத்து நன்கொடையைத் தனியாக, கட்டாயமில்லாமல் வாங்கலாம். அல்லது குலுக்கலுக்குப் பதில் கோலம், ஓட்டம், கட்டுரை என்று திறமைப் போட்டியாக்குங்கள். "நன்கொடை ரசீது" என்று பெயர் மட்டும் மாற்றி, அதே எண்ணைக் குலுக்கினால் எதுவும் மாறவில்லை.

ஜெயித்த பணத்துக்கு வரி எவ்வளவு?

30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதத் தீர்வை, ஆக 31.2. உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இது உண்டு. தோற்ற பணத்தைக் கழிக்க முடியாது: ஒரு சீட்டில் 20,000 விழுந்து, மற்றவற்றில் 30,000 போயிருந்தாலும் 20,000-க்கு வரி.

சீட்டாட்டத்தில் தோற்ற இரண்டு லட்சத்துக்கு என் கணவரிடம் புரோநோட்டும் தேதியில்லாத காசோலையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது வட்டியோடு கேட்கிறார்கள்.

1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் அவர்கள் நீதிமன்றத்தில் "சூதாட்டக் கடன்" என்று சொல்லப்போவதில்லை, "கைமாற்றாகக் கொடுத்தேன்" என்பார்கள். கையெழுத்துப் போட்ட புரோநோட்டும் காசோலையும் உண்மையான கடனுக்கே என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். சூதாட்டப் பணம் என்று காட்ட வேண்டியவர் உங்கள் கணவர். அந்த நாளின் வாட்ஸ்அப் உரையாடல்கள், அழைப்பு விவரம், உடன் ஆடியவர்களின் பெயர்கள், இரண்டு லட்சம் கைக்கு வரவே இல்லை என்பதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை இன்றே சேர்த்துவையுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

காசோலை திரும்பியதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால், கிடைத்த 15 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்பிவிடுங்கள். பதில் அனுப்பாமல் விடுவதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் பலரைக் கவிழ்க்கிறது. "கொஞ்சமாவது கொடுங்கள்" என்று மிரட்டினால் வட்டி என்று எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். அது கடனை ஒப்புக்கொண்டதாகும். அநியாய வட்டி கேட்டு வீட்டுக்கு வந்து தொந்தரவு செய்தால் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். உங்கள் கணவரால் ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள். குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை தருவார்கள்.