மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வாய் குழுவில் வேண்டாம்

குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆன வாசகர் ஒருவரை, மனநலப் பிரிவில் வாரம் ஒருமுறை குழு நடத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தன்னைக் காப்பாற்றிய பன்னிரண்டு படிகளை மனச்சிதைவு, மனச்சோர்வு உள்ளவர்களிடம் அப்படியே சொல்லலாமா என்று கேட்கிறார்.

அப்படியே வேண்டாம். அந்தப் படிகளை வகுத்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பு. 1935-இல் அது தொடங்கியது குடிநோயாளிகளுக்காக. அதிலிருந்து வட்டமாக உட்காருவது, குறுக்கே பேசாதது, அறிவுரை சொல்லாமல் 'எனக்கு இப்படி நடந்தது' என்று மட்டும் சொல்வது, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் வரும் 'நான் சக்தியற்றவன்' என்பதை 'தனியாகச் சமாளிக்க முடியவில்லை' என்று மாற்றுங்கள். முக்கால் மணி நேரம் போதும்.

நான்காம் படியில்தான் கவனம் வேண்டும். தன் குறைகளைக் கணக்கெடுத்து எழுதும் படி அது. மனச்சோர்வில் குற்ற உணர்ச்சியே நோயின் அறிகுறி. என் குழுவில் ஒரு பெண்மணி ஏழு பக்கம் எழுதி வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததுகூட அவர் குற்றமாம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போயிருந்தது. அன்றே நிறுத்தினேன். தூக்கமும் சாப்பாடும் சரியாகி, சாகும் எண்ணம் விலகி, மருத்துவரும் சம்மதித்த பிறகு எழுதலாம். அப்போதும் ஒரு தவறு எழுதினால் பக்கத்திலேயே ஒரு நல்லதும் எழுத வேண்டும்.

அப்புறம், 'மாத்திரையும் போதைதான், அதையும் விடு' என்று ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார். அங்கேயே தடுத்துவிடுங்கள். யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே சொல்கிறது. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பலாம். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபினை இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பழைய அளவில் தொடரக் கூடாது. சிறிய அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். போதைப் பழக்கமும் மனநோயும் சேர்ந்தே உள்ளவர்களுக்காக 1989-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'டபுள் டிரபிள் இன் ரிகவரி' குழுக்களில் மாத்திரை எடுப்பதைக் கூச்சமின்றிப் பேச இடமுண்டு. அந்த வழியில் போங்கள்.

குணமானவர் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காரும் தரகர்களிடமும் ஜாக்கிரதை. குழு முடிந்ததும் வராந்தாவில் வீட்டாரின் போன் நம்பர் கேட்பார்கள். ஏதோ ஒரு மறுவாழ்வு மையத்தில் நோயாளியைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன்.

நிர்வாகத்துக்கோ வருகைப் பதிவேட்டில் தலை எண்ணிக்கை இருந்தால் போதும். ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் குழுவில் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வது? எத்தனை முறை கேட்டும் எனக்குப் பதில் வந்ததில்லை. நீங்கள் சம்மதிக்கும் முன்பே இரண்டை எழுதி வாங்குங்கள்: குழுவில் கூடவே உட்காரும் ஒரு செவிலியர், அன்றைக்கே கூப்பிடக்கூடிய ஒரு மருத்துவரின் பெயர். தற்கொலைப் பேச்சு வந்தால் அந்த மருத்துவரிடம் சொல்லிவிடுவேன் என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.