வட்டி யாருக்கு, வரி யாருக்கு?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 28 லட்சம் ரூபாய். புதிய வரி முறைதான். என் மனைவி ஆறு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார். இப்போது அவருக்கு வருமானம் இல்லை. எங்கள் இருவர் பெயரிலும் 24 லட்சம் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. இதை முழுக்க மனைவி பெயருக்கு மாற்றி, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்கு ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட்டால் வரியே கிடையாது என்கிறார் அலுவலக நண்பர். மாற்றலாமா?

பதில்: நண்பர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார், சட்டத்தைத்தான் பார்க்கவில்லை. 24 லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,68,000 ரூபாய் வட்டி. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருப்பவர். வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்தால் 31.2 சதவீதம், அதாவது 52,416 ரூபாய் வரிக்கே போகிறது. அதே வட்டி மனைவியின் வருமானமாக இருந்தால், புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே இல்லை. ஆசை வரத்தான் செய்யும். மார்ச் மாதம் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் இதே யோசனையோடுதான் வருகிறார்கள்.

மனைவிக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் கொடுத்ததற்கு வரி இல்லை. அந்தப் பணம் ஈட்டும் வட்டியில்தான் சிக்கல். கணவன் சும்மா கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வருமானத்தைக் கணவனின் வருமானத்தோடு சேர்த்தே வரி போட வேண்டும் என்கிறது சட்டம். வரி வேலை பார்க்கும் நாங்கள் இதைக் 'கிளப்பிங்' என்போம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 64ஆவது பிரிவு. 2025இல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் இந்த ஏற்பாட்டை விட்டுவிடவில்லை. "அப்படியானால் நான் மச்சானின் மனைவிக்குக் கொடுக்கிறேன், மச்சான் என் மனைவிக்குக் கொடுக்கட்டும்" என்று சுற்றி வருவதற்கும் வழியில்லை. 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' என்று சட்டத்திலேயே இருக்கிறது. இப்படி மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வதை ஒரே ஏற்பாடாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லிவிட்டது.

அந்தப் படிவ விஷயம் இதைவிட மோசம். "இந்த ஆண்டு என் வருமானத்துக்கு வரி வராது" என்று உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழி அது. வட்டி சட்டப்படி உங்கள் வருமானம் என்னும்போது, அவரைப் பொய்யான உறுதிமொழியில் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் வரியை மிச்சம் பிடிக்க அவர் ஏன் மாட்ட வேண்டும்?

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வியில் இருக்கிறது. இந்த 24 லட்சத்தில் உங்கள் மனைவியின் பணம் எவ்வளவு?

ஆறு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறார். வேலையை விட்டபோது பி.எஃப். பணம் எடுத்திருப்பார். அவருடைய அப்பா ஏதாவது கொடுத்திருக்கலாம், தாய் வீட்டு நகை எதையாவது விற்று இதில் போட்டிருக்கலாம். இவை எல்லாம் அவருடைய சொந்தப் பணம், அதற்கான வட்டி அவருடைய வருமானம். டெபாசிட் ரசீதில் முதல் பெயர் உங்களுடையது என்பதால் வங்கி உங்கள் பான் எண்ணில் டிடிஎஸ், அதாவது வட்டியிலேயே முன்கூட்டிய வரி, பிடிக்கிறது, அவ்வளவுதான். யார் பெயர் முதலில் இருக்கிறது என்பதை வைத்து வரி இல்லை. யார் பணம் என்பதை வைத்துத்தான்.

ஆகவே இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பாஸ்புக்குகளை எடுத்து வைத்து உட்காருங்கள். அவர் கணக்கில் மாதாமாதம் சம்பளம் விழுந்த பதிவுகள், பி.எஃப். வந்த தேதி, அங்கிருந்து கூட்டுக் கணக்குக்குப் போன தொகை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாஸ்புக் தொலைந்திருந்தால் வங்கியில் ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு 7 லட்சம் அவருடையது என்று தேறினால், டெபாசிட் முதிரும்போது அதை மட்டும் அவர் தனிப்பெயரில் போடுங்கள். வட்டி 49,000 ரூபாய். வருடத்துக்கு 15,288 ரூபாய் வரி நேர்வழியிலேயே மிச்சம். அந்த டெபாசிட்டுக்கு அவர் தைரியமாக உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம்.

மீதி 17 லட்சத்தையும் அவருக்கே கொடுக்க விரும்பினால் கொடுங்கள், தவறே இல்லை. வட்டியை மட்டும் உங்கள் ரிட்டர்னில் காட்டிவிடுங்கள். கிளப்பிங் வருமானத்துக்கென்றே படிவத்தில் தனி அட்டவணை உண்டு. இதில் ஒரு சின்ன லாபமும் இருக்கிறது. அந்த 1,19,000 ரூபாய் வட்டியை அவர் தனியாக இன்னொரு டெபாசிட்டில் போட்டால், அதற்கு அடுத்த வருடம் வரும் 8,330 ரூபாய் உங்களோடு சேராது. வட்டியின் வட்டி அவருடையது. அதனால்தான் நீங்கள் கொடுத்த பணத்தையும் அதன் வட்டியையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள் என்கிறேன். கலந்துவிட்டால் அப்புறம் பிரித்துக் காட்ட என்னாலும் முடியாது.

மனைவி பெயரில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இல்லையென்றால் தொடங்குங்கள். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். வட்டிக்கே வரி இல்லாததால் யார் வருமானத்தில் சேர்த்தாலும் கவலையில்லை. 15 வருடம் பணம் முடங்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டிலேயே டியூஷன் எடுத்தால் அந்த வருமானமும் முழுக்க அவருடையதே.

பெற்றோருக்குக் கொடுத்தால் கிளப்பிங் கிடையாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அம்மாவுக்குக் கொடுத்த 10 லட்சம் அம்மாவின் பணம். உயில் இல்லாமல் அவர் காலமானால் உங்கள் அக்காவுக்கும் தம்பிக்கும் அதில் சட்டப்படி பங்கு உண்டு. அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: என் 12 வயது மகளுக்கு அவள் பாட்டி 3 லட்சம் கொடுத்தார். அவள் பெயரிலேயே டெபாசிட் போட்டிருக்கிறோம். நாங்கள் கொடுத்த பணம் இல்லையே, இதற்கும் கிளப்பிங்கா?

பதில்: ஆமாம். 18 வயது ஆகாத பிள்ளைக்கு வரும் வட்டியை, பணம் யார் கொடுத்தாலும், பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவரோடு சேர்க்க வேண்டும். பழைய வரி முறையில் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிவாவது உண்டு, புதியதில் அதுவும் இல்லை. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் வட்டிக்கு வரி இல்லை, ஆனால் 10 வயதுக்குள் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும். 18 வயது நிரம்பிய பிறகு வரும் வட்டி மகளுடையது. அப்போது அவள் பெயரில் பான் கார்டு தயாராக இருக்கட்டும்.